யோசெமிட்டியில் சுட்டது யார்?

"கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் ஆட்டு மேய்ப்பர்களைக் குதிரைப்படை கண்டதும் சுட்டது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

1890இல் அது தேசியப் பூங்காவானது. 1891 முதல் 1913 வரை கோடைதோறும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து படை வந்து காவல் காத்தது. ஆனால் அத்துமீறி மேய்ப்பவருக்குத் தண்டனை விதிக்க அன்று சட்டமே இல்லை. செய்ய முடிந்தது வெளியேற்றம் மட்டும். அதையே படையினர் ஆயுதமாக்கினார்கள்: மேய்ப்பரை ஒரு எல்லையிலும் மந்தையை வேறொரு எல்லையிலும் கொண்டுபோய் விட்டார்கள். இடையில் பல நாள் மலைப்பயணம். அவர் திரும்பிச் சேர்வதற்குள் ஆடுகள் சிதறிவிடும், காட்டு விலங்குகளுக்கு இரையாகும். அந்த நட்டத்துக்குப் பயந்துதான் மந்தைகள் குறைந்தன. 1903இல் இந்தக் காவலில் இருந்தவர்கள் ஒன்பதாம் குதிரைப்படையின் கறுப்பின வீரர்கள்; அவர்கள்மீது கொலைப்பழி சுமத்துவது பெரும் அநியாயம்.