‘தி வேவ்ஸ்’ நாவலை முதல் பத்துப் பக்கத்திலேயே மூடி வைத்தவர்களுக்கு

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் ‘தி வேவ்ஸ்’ (1931) நாவலைப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், “யார் பேசறாங்கன்னே புரியல.” இத்தனைக்கும், சிறுபிள்ளைகளாக அறிமுகமாகும் ஆறு நண்பர்களின் ஒவ்வொரு பேச்சிலும் பெயர் போட்டுத்தான் இருக்கிறது. என்றான் பெர்னார்ட், என்றாள் சூசன். குழப்புவது அந்த ‘என்றான்’தான். அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை. அந்த நொடியில் அந்தப் பிள்ளையின் மனசுக்குள் ஓடுவது, எந்தப் பிள்ளையும் பேசாத மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. உரையாடல் என்று நினைத்துக் கேள்விக்குப் பதில் தேடினால் பத்தாம் பக்கத்தில் தலை சுற்றத்தான் செய்யும்.

அடுத்த சிக்கல், ஆறு பேருக்கும் ஒரே நடை. சிறுவயதிலிருந்து முதுமை வரை அது பெரிதாக மாறுவதும் இல்லை. அதனால் பேச்சை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, அவரவர் கண்ணில் படும் பொருளை வைத்துத்தான் முடியும். முதல் பக்கத்திலேயே பட்டியல் இருக்கிறது. பெர்னார்டுக்கு ஒளி வளையம், சூசனுக்கு வெளிர்மஞ்சள் பாளம், ரோடாவுக்குப் பறவைச் சத்தம், நெவிலுக்குத் துளிபோல் தொங்கும் உருண்டை, ஜின்னிக்குப் பொன்னிழை முறுக்கிய சிவப்புக் குஞ்சம், லூயிக்குச் சங்கிலியில் கட்டிய ஏதோ மிருகம் காலை உதைக்கும் ஓசை. பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். லூயியின் அப்பா பிரிஸ்பேனில் வங்கிக்காரர். தன் ஆஸ்திரேலிய உச்சரிப்பை நினைத்து அவன் கூசிப்போகிறான். பின்னாளில் பெரிய அலுவலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகும் அந்த மிருகம் அவனை விடுவதில்லை.

முதல் பகுதியில் மெதுவாகப் படிக்கவேண்டிய இடம் தோட்டத்து முத்தம். வேலிக்குப் பின்னால் தன்னை ஒரு செடித்தண்டாகக் கற்பனை செய்துகொண்டு நிற்கும் லூயியை ஜின்னி முத்தமிட்டுவிடுகிறாள். சூசன் பார்த்துவிடுகிறாள். கைக்குட்டையைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு பீச் (beech) மரக்காட்டுக்கு ஓடுகிறாள். கருவிக் கொட்டகையில் நெவிலோடு படகு செய்துகொண்டிருந்த பெர்னார்ட், எல்லாவற்றையும் போட்டுவிட்டு அவள் பின்னால் போகிறான். போகும்போது நெவிலின் கத்தியையும் கொண்டுபோய்விடுகிறான். நெவில் தனியாக உட்கார்ந்து புழுங்குகிறான்.

மேலோட்டமாகப் பார்த்தால் பிள்ளை விளையாட்டு. ஆனால் ஐந்து பேரின் பிற்கால வாழ்க்கையும் இங்கேயே கிடக்கிறது. உடம்பால் உலகத்தைத் தொடுபவள் ஜின்னி. தன்னுடையதைப் பிறர் தொட்டால் தாங்காதவள் சூசன். ஒளிந்து நின்றாலும் கண்டுபிடிக்கப்பட்டுவிடும் லூயி. யாருக்காவது கதை சொல்லக் கிடைத்தால் கைவேலையை விட்டு ஓடும் பெர்னார்ட். கூடவே இருக்கும் ஒரே ஒருவனைத் தேடும் நெவில். ரோடா இந்தக் கலவரத்தில் இல்லை. அவள் பழுப்புப் பாத்திரத் தண்ணீரில் வெள்ளை இதழ்களைக் கப்பலாக ஆட்டிக்கொண்டிருக்கிறாள். கணக்கு வகுப்பில் விடை வராமல் தனியாக மாட்டிக்கொள்பவளும், பிறகு ஒரு குட்டைத் தண்ணீரைத் தாண்ட முடியாமல் நிற்பவளும் அவள்தான். அந்தத் தண்ணீர்ப் பாத்திரக் காட்சியைத் தாவிப் படித்தவருக்கு அவள் முடிவு வெறும் தகவல்.

ஏழாவது நண்பன் பெர்சிவலுக்கு நாவல் முழுக்க ஒரு வரிகூடப் பேச்சு கிடையாது. நான்காம் பகுதியில் லண்டன் உணவகத்தில் அவனுக்கு வழியனுப்பு விருந்து. பிறகு இந்தியாவில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துவிடுகிறான். வுல்ஃபின் அண்ணன் தோபி 1906இல் 26 வயதில் டைபாய்டில் இறந்தது இதற்குப் பின்னால் இருப்பது உண்மை. ஆனால் அதையே சொல்லிச்சொல்லி நாவலின் நக்கலைத் தவறவிடுகிறார்கள். இந்தியாவில் பெர்சிவல் என்ன செய்வான் என்று விருந்தில் பெர்னார்ட் கற்பனை செய்கிறான்: சக்கரத் தடப் பள்ளத்தில் சிக்கிய மாட்டு வண்டியை வெள்ளைக்காரன் நாலு வசவு விட்டுத் தூக்கி நிறுத்துகிறான், கிழக்கு நாடுகளின் பிரச்சினையே தீர்ந்தது! நாம் சிரிக்காமல் கடக்கக்கூடாத இடம் இது.

சாய்வெழுத்தில் வரும் கடல் வர்ணனைகளை ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்லித் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். தயவுசெய்து வேண்டாம். நாவலில் கடிகாரம் அவைதான். வயதோ ஆண்டோ வேறெங்கும் நேராகக் கிடைப்பது அரிது. அந்த வர்ணனையில் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் இவர்களுக்கு என்ன பருவம் என்று தெரியும். பெர்சிவல் செத்த செய்தி வருவது சூரியன் உச்சியில் இருக்கும்போது.

ஆறு பேரும் ஒரே ஆளாக இருக்கவேண்டும் என்று வுல்ஃபே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அறிமுகக் கட்டுரைகள் இதை முதலிலேயே சொல்லிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த எண்ணத்தோடு உள்ளே போனால் ஆறு பேரையும் பிரித்துப் பார்க்கும் உழைப்பையே விட்டுவிடுவோம். பிரித்துப் பழகியவருக்குத்தான் அவர்கள் ஒன்று சேரும் இடம் தெரியும். இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒன்பதாம் பகுதி. வயதான பெர்னார்ட், விருந்து மேசையில் அதிகம் பழக்கமில்லாத ஒருவரிடம் எல்லோர் கதையையும் சொல்கிறான். நாவலிலேயே நீளமான பகுதி; கொஞ்சம் தெளிவாகவும் இருக்கும். அதனால் முதலில் இதைப் படித்துவிட்டால் சுலபம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இவன் வாக்கியத்துக்கு ஆசைப்படுபவன், மற்றவர்கள் வாழ்க்கையைத் தன் கதையாக்கிச் சொல்பவன். முதல் பகுதியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சூசன் காட்டுக்கு ஓடியதை இவன் எப்படித் திருப்பிச் சொல்கிறான் என்று ஒப்பிடுங்கள். ரோடா தற்கொலை செய்துகொண்டதை எவ்வளவு போகிறபோக்கில் சொல்லிக் கடக்கிறான் என்பதையும்.