ஆராய்ச்சி டீன்கள் கூடும்போது மேசையில் எது இருக்க வேண்டும்?

கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரிகளின் ஆராய்ச்சி டீன்கள் வருசத்துக்கு ஒருமுறை கூடிப் பேசுவது நல்ல காரியம். ஆனால் குத்துவிளக்கு, பொன்னாடை எல்லாம் முடிந்து, ஒவ்வொருவரும் தங்கள் கல்லூரியின் கட்டுரை எண்ணிக்கையை ஸ்லைடில் காட்டி முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடுகிறது. சிக்கலைப் பேச ஒரு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. இந்த முறையை மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றுவதற்கான மாதிரி நம் ஊரிலேயே இருக்குதுங்க. கோவையில் 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1918-லேயே கோ 205 ரகத்தைக் கொடுத்தது. இன்று அகில இந்திய ஒருங்கிணைந்த கரும்பு ஆராய்ச்சித் திட்டத்தில் பல மாநில மையங்கள் ஒரே ரகங்களை ஒப்பீட்டு ரகத்தோடு சேர்த்து, ஒரே முறையில் நட்டுப் பார்க்கின்றன. மேல்நிலைச் சோதனை என்றால் இரண்டு நடவுப் பயிர், வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் கட்டைக் கரும்பு ஒன்று. விளைச்சல், சர்க்கரை, செவ்வழுகல் நோயைத் தாங்கும் திறன் எல்லாம் மையவாரியாக எண்ணாகவே ஆண்டுக் கூட்டத்துக்கு வரும். அடுத்த வருசம் எந்த மையம் எதை நட வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டுத்தான் கலைவார்கள். அந்தக் கூட்டத்தின் பலம் முன்கூட்டியே வரும் தரவிலும், எழுதி வைக்கும் வேலைத்திட்டத்திலும் இருக்கிறது. டீன்கள் கூட்டத்துக்கு அது ஏன் கூடாது?

மூன்று வாரத்துக்கு முன்பே ஒவ்வொரு கல்லூரியும் ஒரே ஒரு தாள் அனுப்பட்டும். வெற்றிக் கணக்கு வேண்டாம். எந்தத் திட்டத்தின் பணம் எங்கே நின்றது, எந்தக் கருவி எத்தனை நாள் ஓடவில்லை, எந்த மாணவருக்கு எத்தனை மாதம் உதவித்தொகை வரவில்லை என்று மட்டும் இருந்தால் போதும்.

பணம் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பயன்பாட்டுச் சான்றிதழ்தான். வந்த மானியத்தை எதற்குக் கொடுத்தார்களோ அதற்கே செலவழித்தோம் என்று கல்லூரி எழுதிக் கொடுப்பது அது; மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளின் 12-ஏ படிவம். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது போய்ச் சேராமல் அடுத்த தவணை வராது என்பதால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. தவறு நடக்கும் இடங்கள் எல்லாக் கல்லூரியிலும் ஒன்றேதான். ஏப்ரலில் பணம் கொடுத்த பில்லை மார்ச் கணக்கில் சேர்த்திருப்பார்கள். ஆடிட்டர் கையெழுத்திட்ட செலவு அறிக்கையும் சான்றிதழும் ஒத்துப் போகாது. ரசாயனத்துக்கு வந்த பணத்தில் அனுமதி வாங்காமல் கருவி வாங்கியிருப்பார்கள். வங்கி வட்டியை அரசுக்குத் திருப்பிச் செலுத்தாமல் விட்டிருப்பார்கள். சில நூறு ரூபாய் வட்டிக்காக மொத்தக் கோப்பும் திரும்பி வரும். அங்கே நின்றுபோவது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையை நம்பி விடுதிக் கட்டணம் கட்டும் இளநிலை ஆய்வாளரின் வாழ்க்கை. ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவு இதையெல்லாம் சரிசெய்த வழியை இன்னொரு கல்லூரிக்குச் சொல்லிக் கொடுக்க அரை நாள் ஒதுக்கினால் எவ்வளவோ மிச்சமாகும்.

அடுத்தது கருவி. திட்டப் பணத்தில் ஒரு எலக்ட்ரான் நுண்ணோக்கி வாங்குகிறார்கள். திட்டம் மூன்று வருசத்தில் முடியும். கருவிக்கு அப்போதுதான் பராமரிப்பு ஒப்பந்தம் தேவைப்படும், அந்தச் செலவுத் தலைப்பில் பணம் இருக்காது. புல உமிழ்வு (ஃபீல்ட் எமிஷன்) வகை என்றால் எலக்ட்ரானை உமிழும் அதன் துப்பாக்கிப் பகுதியில் வெற்றிடம் இரவு பகலாக நிற்க வேண்டும். யு.பி.எஸ். பேட்டரி தளர்ந்திருக்கும்போது நீண்ட மின்வெட்டு வந்தால் வெற்றிடத்தைக் காக்கும் அயனி பம்ப் நின்று வெற்றிடம் கெடும். பிறகு துப்பாக்கியைச் சூடேற்றி மறுபடி வெற்றிடத்துக்குக் கொண்டுவர நாட்கள் ஆகும். கருவியைக் குளிர்விக்கும் சில்லரில் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து குழாய் அடைக்கும். பெருந்துறை, திருப்பூர் பக்கத்துத் தண்ணீருக்குச் சொல்லவே வேண்டாம். மின்சாரம் கடத்தாத பருத்தி நூல் மாதிரியில் சில நானோமீட்டர் தங்கப் பூச்சு இல்லாமல் உள்ளே வைத்தால் படம் வெளிறி இழுக்கும். இந்தக் கைப்பழக்கம் உள்ள டெக்னீசியன் வேலையை விட்டுப் போனால், கருவி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எனவே பத்துக் கல்லூரிகள் சேர்ந்து பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பேசி வாங்குவதும், டெக்னீசியன்களை ஒருவருக்கொருவர் பயிற்றுவிப்பதும், நேரத்தைப் பகிர்வதும் கூட்டத்தின் முக்கிய வேலையாக இருக்க வேண்டும். ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்வதற்கான மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் கருவியைப் பதிந்து வைத்தால் மட்டும் போதாது. வெளி மாணவர் மாதிரியோடு பஸ் ஏறி வரும் அன்று கருவி ஓட வேண்டும்.

இதழ் சந்தா பற்றியும் பேசலாம். ஆய்வு இதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். கொங்கு நாட்டில் தனியார் கல்லூரிகளே அதிகம். அவர்கள் சேர்ந்து பேரம் பேசுவதைத் தவிர இப்போதைக்கு வேறு நல்ல வழி தெரியவில்லை.

கூட்டத்தை ஜூன் கடைசியில் வையுங்கள். மார்ச் 31-ல் முடிந்த கணக்கு அப்போது ஆடிட்டர் கையில் இருக்கும். பிழையைத் திருத்த நேரமும் இருக்கும். டீனோடு கணக்குப் பிரிவு அலுவலர் ஒருவர், லேப் டெக்னீசியன் ஒருவர், ஆய்வு மாணவர் ஒருவர் கட்டாயம் வரட்டும். முதல் வரிசை நாற்காலி அவர்களுக்கு. போன வருசம் ஒப்புக்கொண்ட வேலைகளில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று படிப்பதுதான் காலை முதல் நிகழ்ச்சியாக இருக்கட்டும்.