நாட்டுடைமை என்றால் அரசே பூட்டி வைத்துக்கொள்வது இல்லை

"ஒரு எழுத்தாளரை நாட்டுடைமை ஆக்கிவிட்டால் அவர் புத்தகங்களை அரசு மட்டும்தான் அச்சிடலாம், பதிப்பகங்களுக்கு நம் வரிப்பணம் போகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடப்பது நேர் தலைகீழ். தமிழ்நாடு அரசு வாரிசுகளுக்கு ஒரு முறை ஒரு தொகை கொடுத்து உரிமையை வாங்கிப் பொதுவில் விடுகிறது, அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் ராயல்டி கொடுக்காமல் அச்சிடலாம். பதிப்பகத்துக்கு இதில் ஒரு பைசா கிடையாது. 1949-ல் பாரதியின் உரிமையை அரசு வாங்கியதிலிருந்து தொடங்கிய வழக்கம் இது. கல்கி நாவல்கள் இன்று மலிவுப் பதிப்பு முதல் கெட்டி அட்டை வரை இத்தனை பதிப்பகங்களிடம் கிடைக்கிறதே, எப்படி என்று நினைத்தீர்கள்? 1999-ல் நாட்டுடைமை ஆனதால்தான். இல்லையென்றால் அவர் இறந்து 60 ஆண்டு முடியும்வரை, அதாவது 2014 கடைசி வரை, காத்திருந்திருக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் நாட்டுடைமை நூல்கள் இலவசமாகவே இருக்கின்றன, போய்ப் பாருங்கள்.

கட்டாயமும் இல்லை. 2009-ல் கண்ணதாசன், சுந்தர ராமசாமி குடும்பத்தினர் வேண்டாம் என்றார்கள், அரசும் விட்டுவிட்டது.

பதிப்பகங்களுக்கு அரசுப் பணம் போவது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும்போது. அது சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரி, 1948 நூலகச் சட்டப்படி வசூலாவது. எந்தப் புத்தகங்களை வாங்குவது என்று தேர்ந்தெடுப்பதில் குறை சொல்ல நிறைய இருக்கிறது, சரி, அதைத் தனியாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.