கூவுகிற மைக்கும் மிசுதானியின் கிட்டாரும்

என் மாமா மைக்செட் வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று அவர்கூடவே போவேன். வயர் சுருட்டுவதும், மேடையில் ஏறி 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்வதும் என் வேலை. அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடிக்கக் கூடாது என்பது. பிடித்தால் கூவும். ஸ்பீக்கரிலிருந்து வருகிற சத்தம் மைக்குக்குள் போய், ஆம்ப்ளிஃபயரில் பெருகி, திரும்பவும் ஸ்பீக்கரில் வந்து, திரும்பவும் மைக்குக்குள் போகும். ஒரு நொடிதான், 'கொய்ங்' என்று ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். "கூவ விட்டேன்னா இன்னைக்குக் கூலி கிடையாது மாப்ள" என்பார்.

நாங்கள் அப்படிப் பயந்த அந்தச் சத்தத்தை ஏறக்குறைய முப்பது வருடம் மேடையில் நின்று வாசித்த ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. தகாஷி மிசுதானி. 1967-ல் ஜப்பானின் கியோட்டோவில், தோஷிஷா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது லே ராலீஸ் தெனுதே என்ற ராக் குழுவைத் தொடங்கினார். பெயர் பிரெஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் 'ராலீஸ்' என்று பிரெஞ்சில் ஒரு சொல் கிடையாது. கடைசியாக மேடை ஏறியது 1996-ல்.

இந்தக் குழுவைப் பற்றி யார் பேசினாலும் முதலில் விமானக் கடத்தலில்தான் ஆரம்பிப்பார்கள். 1970 மார்ச் 31 அன்று செம்படை என்ற தீவிர இடதுசாரி அமைப்பைச் சேர்ந்த ஒன்பது பேர் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றைக் கடத்தி வடகொரியாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவர் மொரியாகி வகபயாஷி, இந்தக் குழுவில் ஆரம்ப நாள்களில் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களை ஒலிக்கிற கிட்டார், வாசித்தவர். அடுத்த கதை, ஆல்பமே கிடைக்காது என்பது. 2022 வரை குழுவின் பெயரில் முறையாக வந்த ஆல்பங்கள் 1991-ல் கொஞ்சமாக அச்சடிக்கப்பட்ட மூன்று சிடிகள்தான். அதற்குப் பிறகு பல வருடங்களுக்குக் கைமாறியதெல்லாம் திருட்டுப் பதிவுகள். கூட்டத்தில் யாரோ கேசட்டில் பிடித்தது, அதன் நகல், நகலின் நகல்.

இரண்டும் உண்மைதான். சுவாரசியமும்தான். ஆனால் எனக்கு ஒரு பெரிய வருத்தம் உண்டு. இந்த இசையை விரும்புகிறவர்களே அதைக் கேட்க விடாமல் செய்கிறார்கள். கிடைக்காது, புரியாது, எல்லோருக்கும் ஆகாது, இருட்டு மனிதர், கறுப்புக் கண்ணாடி என்றே பேசிப் பேசி, புதிதாக வருகிற ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அரிய தபால்தலை சேர்க்கிற மாதிரி ஆல்பங்களைச் சேர்த்து வைக்கிறார்கள். அரிதாக இருப்பது அந்த இசையின் குணம் இல்லை. அது அச்சடித்த எண்ணிக்கையைப் பற்றிய செய்தி, அவ்வளவுதான். நாளைக்கே லட்சம் பிரதி வந்தாலும் அந்தக் கிட்டார் அதேபோலத்தான் ஒலிக்கப் போகிறது.

சரி, எப்படித்தான் ஒலிக்கிறது? அந்த மூன்று சிடிகளில் ஒன்றான '77 லைவ்'வை எடுத்துக்கொள்கிறேன். 1977 மார்ச் 12 அன்று தோக்கியோவுக்கு மேற்கே தச்சிகாவாவில் ஒரு பொது அரங்கில் நடந்த கச்சேரி. இரண்டு சிடி, ஏழு பாட்டு. இரண்டாவது பாட்டின் பெயரைத் தமிழில் 'இரவு, கொலையாளிகளின் இரவு' என்று சொல்லலாம். பெயர்தான் அப்படி. அதில் பேஸ் கிட்டாரில் ஓடும் மெட்டு 1963-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ஒரு காதல் பாட்டிலிருந்து வந்தது. அதைப் பாடிய பெண்ணுக்கு அப்போது வயது 15. 'நீ எங்கே போனாலும் பின்னாலேயே வருவேன்' என்கிற பாட்டு. மிட்டாய் மாதிரியான அந்த மெட்டைப் பேஸ் வாசிப்பவர் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு மேல் விடவே மாட்டார். டிரம்ஸும் அப்படித்தான். வண்டிமாடு நடக்கிற மாதிரி, அவசரமும் இல்லை, நிற்பதும் இல்லை.

அதன் மேல்தான் மிசுதானியின் கிட்டார் இறங்குகிறது. தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி மழை பெய்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிக் கேட்குமோ அப்படி. முதல் இரண்டு நிமிடம் காது திணறும், எதையும் பிரித்தறிய முடியாது. நான் முதல் தடவை கேட்டது ஒரு நள்ளிரவில், போனோடு வந்த சின்ன இயர்போனில். ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, அழித்துவிட்டு மறுபடி தரவிறக்கினேன். அதே சத்தம்தான். பிறகு சில மாதங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒருநாள் நண்பன் வீட்டில் பழைய பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர்களில் போட்டபோதுதான் நிலைமை மாறியது. இயர்போனில் எனக்குக் கேட்காமலே போன பேஸ் அங்கே தரை வழியாகக் காலில் ஏறியது. காதை அதில் நட்டுவைத்துக்கொண்ட பிறகு கிட்டாரின் இரைச்சல் மெல்ல மெல்லப் பிரிந்தது. உள்ளே ஒரு ராகம் இருக்கிறது. ஒரு சுரத்தை இழுத்து, அது தானாகவே கூவத் தொடங்கும் வரை காத்திருந்து, கூவிய பிறகு அதை அடுத்த சுரத்துக்குச் சாய்க்கிறார். குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருகிறது, எக்கோவில் நனைந்து. பாட்டு முடிந்து அறை அமைதியானபோது மேலே ஓடிய மின்விசிறியின் சத்தம் எனக்குப் புதிதாகக் கேட்டது. நண்பனும் நானும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

தமிழில் இரைச்சல் என்பது வசைச்சொல் மட்டும் இல்லை. கடல் இரைச்சல் என்கிறோம், மழை இரைச்சல் என்கிறோம். கேட்டுக்கொண்டே தூங்கிப் போகிறோம். இந்த ஆல்பங்களை நான் அந்த அர்த்தத்தில்தான் இரைச்சல் என்கிறேன்.

'இதை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாமே' என்பவர்களுக்கு என் மாமா சொன்னதைச் சொல்கிறேன். இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மைக்செட்டை விற்றுப் பல வருடம் ஆகிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது '77 லைவ்'வின் கடைசிப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். இருபத்தைந்து நிமிடம் ஓடும். மிசுதானி கச்சேரிகளை இந்தப் பாட்டோடு முடிப்பதுதான் வழக்கம். மாமா முகம் சுளித்தார், ஆனால் எழுந்து போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். பிறகு, "நிக்கிற எடத்த மாத்துறான் பாரு மாப்ள. முன்னால வந்தா ஒரு மாதிரி கூவுது, திரும்புனா வேற மாதிரி கூவுது. தெரிஞ்சுதான் பண்றான்" என்றார். அப்புறம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

ராக் விமர்சனங்கள் எத்தனையோ படித்திருக்கிறேன், இவ்வளவு சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆம்ப்ளிஃபயருக்கும் கிட்டாருக்கும் இடையே உள்ள தூரம், கம்பி ஆம்ப்பைப் பார்க்கிற கோணம், வால்யூம் இருக்கிற அளவு, இந்த மூன்றையும் உடம்பால் அளந்து நின்றால்தான் கூவல் ஒரு சுரத்தில் நிற்கும். ஒரு அடி தள்ளி நின்றால் வேறு சுரத்துக்குத் தாவும், இல்லை செத்துப்போகும். ஓடுகிற மாட்டைக் கயிறு இல்லாமல் ஓட்டுகிற வித்தை அது.

மிசுதானி 2019-ல் இறந்துவிட்டார். அந்தச் செய்தி வெளியே தெரிந்ததே 2021-ல்தான். 2022 முதல் அமெரிக்காவின் டெம்போரல் ட்ரிஃப்ட் நிறுவனம் மூலப் பதிவுகளிலிருந்து ஆல்பங்களை முறையாக வெளியிட்டு வருகிறது. தோக்கியோவில் 1973-ல் மூடப்பட்ட ஓஸ் என்ற சின்ன அரங்கின் பதிவுகள் வந்தன, '77 லைவ்'வும் வந்தது. ஒலியைச் சீர்படுத்தியவர் மகோதோ குபோதா, ஒருகாலத்தில் அதே குழுவில் இருந்தவர். உடனே சில பழைய ரசிகர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். 'சுத்தம் பண்ணிவிட்டார்கள், மர்மம் போய்விட்டது' என்று. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கேசட் நகலின் தேய்மானத்தை மிசுதானி வாசிக்கவில்லை. டேப் தேய்ந்ததால் வந்த சத்தத்தையும் அவர் விரலால் வந்த சத்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். இப்போது இரண்டும் பிரிந்து கேட்கிறது. டிரம்ஸ்காரர் எவ்வளவு நிதானமாக அடித்திருக்கிறார் என்பதே எனக்கு இந்தப் பதிப்பில்தான் தெரிந்தது.

அதே சமயம், சில ஆல்பங்களில் பதிவின் முரட்டுத்தனமே வேண்டுமென்று வைத்த ஒன்று. அதை இதோடு குழப்பக் கூடாது. ஹை ரைஸ் என்ற தோக்கியோ குழுவின் 'ஹை ரைஸ் 2' (1986) அப்படிப்பட்டது. அசாஹிதோ நான்ஜோ பேஸும் குரலும், முனெஹிரோ நரிதா கிட்டார், கூட டிரம்ஸ். ஆம்ப்ளிஃபயரிடம் அதன் சக்திக்கு மேல் கேட்டால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து புதிய மேல்சுரங்கள் கிளம்பும். டிஸ்டார்ஷன் என்பது அதுதான். இந்த ஆல்பத்தில் கிட்டார் மட்டும் இல்லை, பதிவு மொத்தமுமே அந்த எல்லையைத் தாண்டி நிற்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரே உலோகக் கட்டியாகப் பறக்கிறது. இதைச் சுத்தம் செய்தால் ஒன்றும் மிஞ்சாது.

இந்த ஆல்பத்தை வெளியிட்டவரை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஹிதேயோ இகேஇசுமி. தோக்கியோவில் மாடர்ன் மியூசிக் என்ற சின்ன ரெகார்டு கடை நடத்தியவர். கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவந்த இசையைக் கேட்டுவிட்டு, இதை யாரும் வெளியிட மாட்டார்கள், நானே செய்கிறேன் என்று 1984-ல் பி.எஸ்.எஃப். நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடே ஹை ரைஸின் முதல் ஆல்பமான 'சைகடெலிக் ஸ்பீட் ஃப்ரீக்ஸ்'தான். நிறுவனத்தின் பெயரும் அந்த ஆல்பத்தின் பெயரின் சுருக்கம். கிட்டார் கலைஞர் கெய்ஜி ஹைனோவின் ஃபுஷித்சுஷா குழுவின் இரட்டை ஆல்பங்களையும் அவர்தான் கொண்டுவந்தார். 2017-ல் இறந்தார். ஒரு கடைக்காரரின் காதை நம்பி ஒரு இசை வரலாறே பிழைத்திருக்கிறது.

ஜப்பானுக்கு வெளியே ஒன்றே ஒன்று சொல்கிறேன். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், டனீடன் நகருக்குப் பக்கத்தில், போர்ட் சால்மர்ஸ் என்ற சின்னத் துறைமுக ஊர். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தி டெட் சி என்ற மூவர். 1992-ல் வந்த 'ஹார்ஷ் 70ஸ் ரியாலிட்டி' இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் ஒரே பதிவு, இருபது நிமிடத்துக்கு மேல். மிசுதானியிடம் பிடித்துக்கொள்ள பேஸ் இருந்தது. இங்கே அதுவும் கிடையாது. இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். பாட்டு தொடங்கிவிட்டதா இல்லையா என்று தெரியாமலே பாதி நேரம் போகும். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்பது மூன்றாவது, நான்காவது தடவைதான் பிடிபடும். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

சத்தமாக இருப்பதாலேயே ஒரு ஆல்பம் நல்லதாகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகையில் நான் கேட்டதில் பாதிக்கு மேல் திரும்பக் கேட்கவில்லை. ராலீஸின் திருட்டுப் பதிவுகளிலேயே பல வெறும் காற்றுச் சத்தம்தான். எது நிற்கும், எது நிற்காது என்பதற்கு என்னிடம் இருக்கும் சோதனை ஒன்றுதான். முடிந்த பிறகு ஒரு மணி நேரம் கழித்து மனசுக்குள் ஏதாவது ஓடுகிறதா என்று பார்ப்பேன். அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணின் மெட்டு மிசுதானி குழுவின் பேஸில் எனக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதன்முதலாகக் கேட்கப் போகிறவர்கள் '77 லைவ்'வின் புதிய பதிப்பிலிருந்து தொடங்குங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். நல்ல ஹெட்போன், அல்லது யார் வீட்டிலாவது இருக்கும் பெரிய ஸ்பீக்கர். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முதலில் பேஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், கிட்டாரைத் தேடிப் போக வேண்டாம், அது தானாக வரும். பாதியில் நிறுத்த வேண்டாம், இந்தப் பாட்டுகளுக்கு நேரம்தான் தாளம். கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றாலும் கீழே எழுதுங்கள், எந்த நிமிடத்தில் எழுந்துபோகத் தோன்றியது என்று. அந்த இடத்தை நானும் போய்க் கேட்டுப் பார்க்கிறேன்.