உருளை அழுத்தினால் என்ட்ரோபி கூடுமா?

“உயர் என்ட்ரோபி உலோகக்கலவையைக் குளிர் உருட்டல் செய்தால் அணுக்கள் இன்னும் கலைந்து என்ட்ரோபி உயர்கிறது, அதனால்தான் வலிமை கூடுகிறது, நீளும் தன்மையும் குறைவதில்லை” என்று ஒரு செய்தி பரவி வருகிறது. இது தவறு. உயர் என்ட்ரோபி உலோகக்கலவை என்பது பல உலோகங்களை ஏறத்தாழ சம பங்கில் சேர்த்தது; என்ட்ரோபி என்பது இங்கே அணுக்கள் கலைந்து கிடக்கும் அளவு; குளிர் உருட்டல் என்பது சூடாக்காமல் உருளைகளுக்கு இடையே நசுக்கித் தகடாக்குவது.

இந்த வகையில் 2004இல் வெளியான கேன்டர் கலவையையே எடுத்துக்கொள்வோம். குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஐந்தும் சம பங்கு. கலப்பு என்ட்ரோபியைத் தீர்மானிப்பது இந்தப் பங்கு. உருளையின் அழுத்தம் அதை உயர்த்துவதில்லை. உருட்டிய தகட்டை எக்ஸ் கதிரில் பாருங்கள்: அதே முகமையக் கனசதுரப் படிகம்தான் (கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அணுக்கள் உள்ள ஒழுங்கு), எக்ஸ் கதிர்ப் பதிவின் கோடுகள் மட்டும் அகன்றிருக்கும். அந்த அகலத்தில்தான் விடை இருக்கிறது. படிகத்துக்குள் பிசகுகள் (அணு வரிசையில் உள்ள கோட்டுக் குறைகள்; இவை நகர்வதால்தான் உலோகம் வளைகிறது) பெருகி, ஒன்றின் வழியை ஒன்று மறிக்கின்றன. மேலும் அழுத்தினால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்த நுண்ணிய இரட்டைப் படிக அடுக்குகளும் தோன்றி வழியடைக்கின்றன. செம்பையும் துருவேறா எஃகையும் இறுக்குவதும் அடிப்படையில் இதே இயக்கம்தான்.

விலையும் உண்டு. சில நூறு மெகாபாஸ்கலில் (வலிமையை அளக்கும் அலகு) வளைந்துகொடுத்த தகடு, கனம் பத்தில் ஒரு பங்காகும்வரை உருட்டினால் ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் அறுபது விழுக்காடு வரை நீண்டது, சில விழுக்காட்டிலேயே அறுந்துவிடும்.

77 கெல்வின் (சுமார் −196 டிகிரி செல்சியஸ்) குளிரிலும் விரிசலைத் தாங்குகிறது என்று 2014இல் புகழ்பெற்ற இதே கலவையின் மாதிரி, உருட்டிய பின் 800 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தி, புதிய நுண்மணிகள் (சிறு படிகங்கள்) உருவான ஒன்று. அந்தப் பெருமையை வெறும் உருட்டலுக்குக் கொடுப்பது சரியல்ல. சூட்டிலும் கவனம் வேண்டும்: உருட்டிய தகட்டை 500 டிகிரி அளவில் நெடுநேரம் வைத்தால் குரோமியம் மிகுந்த வேறு படிகப் பகுதிகள் பிரிந்து உலோகம் நொறுங்கும் தன்மை அடையும்.