அந்த மீட்டர் பேயை அளப்பதில்லை

"மாங்குளத்துப் பழைய வீட்டில் கே-2 மீட்டர் சிவப்பு காட்டியது, பேய் இருப்பதற்கு அதுவே விஞ்ஞானச் சான்று" என்று மேலே ஒரு தம்பி வீடியோவும் போட்டு எழுதியிருக்கிறார். அது பிழை, தம்பி. பேய் ஆராய்ச்சிக்காரர் கொண்டு திரியும் அந்த மீட்டர் மின்காந்தப் புலத்தைத்தான் காட்டும். மின்கம்பி, மோட்டர், போன் எல்லாவற்றுக்கும் அதன் விளக்கு எரியும். நான் வயரிங் வேலை செய்கிறவன். எங்கள் கிணற்றடி மோட்டரைப் போட்டுவிட்டுக் கிட்டப் பிடித்தேன். பச்சையில் நின்றது ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. சட்டைப் பையில் போன் அடித்தபோதும் அப்படித்தான். அந்த வீடியோவில் மூன்று பேர் கையிலும் போன் இருக்கிறதே!

காரணம் தேடுவதென்றால் விக் டாண்டி என்ற பொறியியலாளரைப் போலத் தேட வேண்டும். இங்கிலாந்தில் தன் ஆய்வுகூடத்தில் சாம்பல் நிற உருவம் தெரிந்தபோது, புதிதாகப் பூட்டிய காற்றாடி எழுப்பிய, காதுக்குக் கேட்காத 19 ஹேர்ட்ஸ் அதிர்வே காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1998இல் அதை எழுதியும் வைத்தார்.

பேய்ப் பயத்துக்கு நூல் கட்டுவதை நான் பழிக்கவில்லை, என் அம்மாவும் எனக்குக் கட்டிவிட்டவதான். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை நித்திரையில்லாமல் குரல் கேட்கிறது என்கிறாள். அவளிடம் மீட்டரைக் காட்டிப் பேய் உறுதி என்று சொல்லாதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தோடு தமிழிலேயே கதைக்கலாம்.