பிரஷர் குளிசையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

அண்ணா, சிகொங் என்ற சீன மூச்சு, அசைவுப் பயிற்சியைச் செய்தால் பிரஷர் குளிசையே தேவையில்லை என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, ஆபத்தும்கூட. மெதுவான மூச்சும் அசைவும் மனதை ஆற்றும், பிரஷரையும் ஓரளவு குறைக்கலாம்; மருந்துக்குப் பதிலாகாது. அதிலும் அட்டெனலோல் போன்ற குளிசையைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம்.

சிகொங்கில் பாதுவான்ஜின் என்ற 8 அசைவுகளை வெள்ளவத்தைக் கடற்கரையில் தாராளமாகச் செய்யுங்கள்: மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, விட்டபடி இறக்குவதுதான் முதலாவது. முழங்கால் நோகிறவர்கள் கதிரையில் இருந்தே செய்யலாம். அப்புறம் கிளினிக் கொப்பியை டொக்டரிடம் காட்டுங்கள், குளிசையைக் குறைப்பதா என்று அவர் சொல்லட்டும். இதை வாசித்துவிட்டு யாராவது தன் அம்மாவின் குளிசையை நிறுத்தினால் என்ன ஆகும்? தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.